இன்மைக்கு ஒரு பெயர்

அரபு இலக்கணத்தில் ஓர் இனத்தையே முற்றாக மறுக்கும் ‘லா’ ஒன்றுண்டு. “லா ரஜுல ஃபித்தார்” என்றால், வீட்டில் ஆண்மகன் ஒருவன்கூட இல்லை என்று பொருள். நஹ்வு ஓதிய எவரும் அந்த எடுத்துக்காட்டை மறந்திருக்க மாட்டார். நாம் எழுதும் சைபரும், வெறுமை எனப் பொருள்படும் ‘ஸிஃப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்ததே. இச்சொற்களால் எவருக்கும் நோவில்லை.

ஆங்கிலத்திலோ, ‘அறவே ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘ஸ்வீட் ஃபேனி ஆடம்ஸ்’ என்றொரு வழக்குண்டு. உழைத்து என்ன கண்டாய் என்று கேட்டால், அப்பெயரையே விடையாகச் சொல்வர். அது ஒரு சிறுமியின் பெயர்.

இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஆல்டன் என்னும் ஊரில், 1867 ஆகஸ்ட் 24 அன்று 8 வயதுச் சிறுமி ஃபேனி ஆடம்ஸ் கொல்லப்பட்டாள். கொன்றவன் ஃபிரெடரிக் பேக்கர், வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தனாக இருந்தவன். உடலைத் துண்டு துண்டாக்கினான். பிறகு தன் நாட்குறிப்பில் அக்கொலையையும் அன்றைய நல்ல வெயிலையும் அடுத்தடுத்துக் குறித்து வைத்தான்! அவ்வாண்டு டிசம்பர் 24-இல் வின்செஸ்டரில் தூக்கிலிடப்பட்டான்.

அக்காலத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படையினருக்குத் தகரக் குவளையில் அடைத்த ஆட்டிறைச்சி வழங்கலாயினர். அதை வெறுத்த மாலுமிகள், இது ஃபேனி ஆடம்ஸின் எச்சம்தான் என்று கேலி பேசினர். பெயர் முதலில் அந்த இறைச்சிக்காயிற்று; பின்னர் மதிப்பற்ற எதற்கும் ஆயிற்று; முடிவில் இன்மைக்கே ஆயிற்று. அதன் முதலெழுத்துகள் ஓர் ஆபாசத் தொடரின் முதலெழுத்துகளோடு ஒத்திருந்ததும் வழக்கு நிலைக்கத் துணைசெய்தது.

மாலுமிகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. கெட்ட உணவைத் தந்த மேலோரை எதிர்த்துப் பேச இயலாதவன் கேலியில் ஆறுதல் தேடுவான். ஆனால் அக்கேலி மேலோர்மீது விழவில்லை. மாண்ட குழந்தைமீது விழுந்தது.

‘கதையறியாமல் சொல்பவன்மீது குற்றமென்ன? வழக்குத்தானே சொல்லுக்குப் பொருள் தருகிறது?’ என்று கேட்கலாம். நியாயமே. மாணவர்க்கு நானும் அப்படித்தான் கற்பிக்கிறேன். அறியாதவனை விட்டுவிடுவோம். அறிந்த பின்பும் சொல்பவன் நிலை என்ன? தேய்ந்துபோன வெறுஞ்சொல் என்று அவன் ஒதுங்கிக்கொள்ள முடியாது. வாழ்ந்த ஓர் உயிரின் பெயரை ‘இல்லை’ என்பதற்கு ஈடாக வைக்கிறான். பழைய கேலியில் தானும் பங்கு கொள்கிறான் என்றே நான் கருதுகிறேன். ஒன்றுமில்லை என்று சொல்ல ஆங்கிலத்தில் சொற்பஞ்சமா என்ன?

ஆல்டன் இடுகாட்டில், 1874-இல் பொதுமக்கள் தந்த நன்கொடையால் எழுப்பிய நினைவுக்கல் இன்றும் இருக்கிறது. அங்கே ஃபேனி ஆடம்ஸ் என்பது அச்சிறுமியின் பெயர்தான்.