வெள்ளைக்குக் கொடுத்த காது

இராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது மூக்கை. குட்டியைக் கழுத்துப் பிடியில் தூக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மூக்கில் கறுப்பு தட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறார். மூக்கு ரோஜா நிறமாக இருக்க வேண்டும். ஒரு புள்ளி தெரிந்தாலும் விலை இறங்கும். பிறகு கண்ணிமை ஓரம், உதடு, காது மடலின் உட்புறம், அடிவயிறு. அங்கெல்லாம் இளஞ்சிவப்பு, மேலே முழுக்கப் பால் வெள்ளை, கண் மட்டும் பொன்னிறம். தாய் தகப்பன் எப்படி, நெஞ்சு எவ்வளவு இறக்கம், கால் எலும்பு உறுதிதானா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். குட்டிக்குக் காது கேட்கிறதா என்று விசாரிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த நாய்க்கு வெள்ளையைத் தவிர வேறு நிறமே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைப்பதில் ஊருக்கும் ஒரு பெருமை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை நாய்களோடு இராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது இந்தப் பெயரையும் சொன்னார். பெயர் பரவியது, கூடவே வெள்ளையும் பரவியது. ஆனால் இந்த இனத்தில் பழுப்பும் கறுப்பும் உண்டு. திட்டுப் போட்டவையும் உண்டு. வாங்குகிறவர்களுக்கு வெள்ளைதான் வேண்டியிருந்தது என்பதால் அப்படி நிறத்தோடு பிறந்த குட்டிகளை அந்தக் காலத்தில் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். ஓர் இனம் தலைமுறை தலைமுறையாகத் தூய வெள்ளையாக வருவதை இயற்கையின் கொடை என்கிறோம். அந்தக் கொடையைக் கொடுப்பதற்கு இயற்கைக்கு எத்தனை கை ஒத்தாசை தேவைப்பட்டது என்று யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

இராஜபாளையம் இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில்தான் சிப்பிப்பாறையும் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கொண்ட வேட்டை நாய் செவலையாகவும் சாம்பலாகவும் இன்னும் பல நிறத்திலும் வரும். அதன் பங்காளியான கன்னி நாய் கறுப்பு. முயலுக்குப் பின்னால் ஓடும்போது யாரும் அவற்றின் நிறத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை, முயல் உட்பட.

நிறம் என்பது தோலுக்கு மேலே அடித்த வர்ணம், வேண்டாம் என்றால் சுரண்டிவிடலாம் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். உடம்பின் ஏற்பாடு வேறு. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது, பின்னாளில் முதுகுத்தண்டாகப் போகும் இடத்துக்கு அருகிலிருந்து சில உயிரணுக்கள் புறப்படுகின்றன. மெலனின் என்ற நிறமியை உண்டாக்குபவை இவை. தோலுக்கும் மயிர்க்காலுக்கும் கண்ணுக்கும் போகின்றன. கொஞ்சம் உள்காதுக்கும் போகின்றன. அந்த இருட்டில் யாருக்கும் அழகு காட்ட அவை போகவில்லை. காதின் சுருளுக்குள் நிற்கும் திரவத்தில் பொட்டாசியத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ள அவை வேண்டும். அந்தத் திரவம் கெட்டால் ஒலியை வாங்கும் நுண்ணிய உணர்மயிர்கள் நிற்காது. வெள்ளையை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டே போனால், தோலுக்குப் போய்ச் சேராத உயிரணு சில குட்டிகளில் காதுக்கும் போய்ச் சேராது. பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது அணைந்துவிடும்.

வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று இதற்குப் பொருளில்லை. வெள்ளை ரோமத்துக்கு அடியில் மூக்கிலும் இமையிலும் கறுப்பு இருந்தால் கவலை குறைவு. ரோமம் வெள்ளை, மூக்கு ரோஜா, கண்ணும் நீலம் என்று சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது. கண்ணின் நீலம் நீங்கலாக, சந்தையில் அந்தச் சேர்க்கைக்குத்தான் விலை.

நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஒரு முறை பார்த்தேன். நாலு வாரக் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. நண்பர் சத்தமில்லாமல் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டார். எல்லாம் திரும்பின. “எல்லாத்துக்கும் கேக்குதே” என்றேன். “இருங்க சார்” என்று ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துக்கொண்டு போனார். கூட்டத்தில் இருந்தபோது சட்டென்று திரும்பிய ஒன்று, தனியாக விட்டபோது தட்டு விழுந்தும் தன் வாலை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தது. கூடப் பிறந்தவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பியிருக்கிறது. குட்டிகளிலேயே வெளுப்பும் லட்சணமும் அதற்குத்தான் கூடுதல். கேளாத ஒன்று தன்னைக் கேட்பவற்றில் ஒன்றாகக் காட்டிக்கொள்ள நாலு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுகிறது. மனிதருக்கும் அதற்கு மேல் நேரம் பிடிப்பதில்லை.

இந்த நாயை நம் ஆட்கள் வைத்திருந்தது காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும். இரவில் வேலிப்பக்கம் சருகு மிதிபட்டால் எழுந்து நிற்க வேண்டிய பிராணி. திருடன் வந்து போன பிறகும் மிக அழகாகத் தூங்கிக்கொண்டிருக்கும் காவல் நாயை உண்டாக்கியிருக்கிறோம். அதற்குப் பத்திரத்தோடு விலையும் உண்டு.

நம் ஊருக்கு மட்டும் வந்த கிறுக்கு என்று இதைத் தள்ள முடியாது. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாயை உலகமே சினிமாவில் பார்த்துக் கொஞ்சியது. அமெரிக்காவில் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு முப்பது நாய்க்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. பிறக்கும்போதே புள்ளிக்குப் பதிலாகப் பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷன் குட்டிகளில் செவிடு குறைவு. அந்தத் திட்டு கண்காட்சியில் தகுதிக்குறைவு. ஆரோக்கியத்தின் அடையாளம் எதுவோ அதையே குறையென்று விதியில் எழுதி, அந்த விதியைத் தரம் என்று அழைக்கிறார்கள். பாக்ஸர் நாய் வளர்ப்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு வெள்ளைதான் ஆகாது. வெள்ளையாகப் பிறந்த குட்டிகளை நெடுங்காலம் கொன்றுகொண்டிருந்தார்கள். இராஜபாளையத்தில் உயிர் பிழைக்க வைத்திருக்கும் நிறம் அங்கே உயிரை வாங்கியிருக்கும். அழகுக்கு எங்கும் ஒரே இலக்கணம் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு குட்டிகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

இராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூடி, இந்தக் கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள் என்பது ஐதிகம். கோயிலுக்கு வரும் பெண்களும் அதை எட்டிப் பார்க்காமல் போவதில்லை. கிணற்றில் முகம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். குனியும்போது வானம் தலைக்குப் பின்னால் இருக்கிறது. வெளிச்சம் அங்கே, முகம் நிழலில். தண்ணீரில் தெரிவது தலையின் வடிவமும் கொண்டையும் தோளில் கிடக்கும் மாலையும் சுற்றிலும் ஆகாயமும். மாநிறமா, சிவப்பா, கறுப்பா என்று சொல்லும் திறமை கிணற்றுக்குக் கிடையாது. எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தி தான் போதுமானவளா என்று கேட்ட கண்ணாடி அது. அவளும் கேட்கத்தான் செய்தாள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அதன் பின்கதைதான் எனக்கு முக்கியம். மாலையில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்ததை அவள் தந்தை பெரியாழ்வார் பார்த்துவிடுகிறார். உடம்பில் பட்டுவிட்டது, எச்சிலாகிவிட்டது என்று பதறி, வேறு மாலை கட்டி எடுத்துப் போகிறார். அவள் சூடியதுதான் வேண்டும் என்கிறான் பெருமாள். நாம் தோஷம் என்று ஒதுக்கிய ஒற்றை மயிர் தகுதியாக மாறிப்போகிறது. இன்றைக்கும் பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கு இங்கிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலைதான் திருப்பதிக்குப் போகிறது. புதிய மாலைக்குத் திருப்பதியில் பஞ்சமில்லை. அந்தக் கருட சேவையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீடு திரும்பி, பெண்ணுக்கு வரன் குறிப்பு எழுதும்போது “நல்ல நிறம்” என்று சேர்ப்பதில் யாருக்கும் தடுமாற்றம் வருவதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பண்டத்துக்குப் பாலும் சர்க்கரையும்தான் மூலம், இரண்டும் வெள்ளை. அடுப்பில் சுண்டச் சுண்டக் கிண்டினால் பழுப்பேறும். வெள்ளையாக இருந்தால் பதம் வரவில்லை என்பார்கள். வாயில் போடும் பொருளுக்கு இவ்வளவு நியாயமாக இருக்கத் தெரிகிறது நமக்கு.

முகத்துக்கு வருவோம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. வேலை கிடைக்காத பெண் சிவந்ததும் வேலை கிடைத்த கதையை மூன்று தலைமுறை டிவியில் பார்த்தது. கறுத்தவர்களைச் சோகமாகவும் கல்யாணத்துக்கும் வேலைக்கும் ஆகாதவர்களாகவும் காட்டக் கூடாது என்று 2014இல் விளம்பரத் தர அமைப்பு நெறிமுறை வகுத்தது. அதற்கு முன்பே, 2009இல், சென்னையில் கவிதா இமானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ கறுப்பும் அழகே என்று இயக்கம் தொடங்கியிருந்தது. 2013இல் நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்த பிறகு ஊர் திரும்பிப் பார்த்தது. 2020இல் கிரீமின் பெயரிலிருந்து ஃபேர் போய் க்ளோ வந்தது. டியூப் அதே வழவழப்பு. அதே தாய் நிறுவனம்தான் டவ் சோப்பின் வழியாக 2004 முதல் உன் உண்மையான உடம்பே அழகு என்று பெண்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்கிறது. ஒரே குடோனிலிருந்து ஒரு லாரியில் குறையும் இன்னொரு லாரியில் ஆறுதலும் கிளம்புகின்றன. இரண்டுக்கும் ஜிஎஸ்டி உண்டு.

உன் உடம்பை நேசி என்ற உபதேசத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. காலையில் பஸ் பிடித்து மில்லுக்கோ சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்கோ போகிற பெண்ணுக்குத் தன் தோலை நேசிப்பது என்று மேலும் ஒரு வேலையைக் கொடுப்பானேன்? அவள் கல்யாண மண்டபத்தில் உட்காரும் நாளைப் பாருங்கள். பியூட்டி பார்லர் பெண் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷன் பூசியிருப்பாள். தாம்பூலத் தட்டு வாங்க நீட்டும் கை மருதாணியோடு தன் நிறத்திலேயே இருக்கும். மேடையில் முகம் ஒருத்தியுடையது, கை இன்னொருத்தியுடையது. வீடியோக்காரர் அதையும் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருகிறார். வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும் குழந்தை, “அம்மா, இது யாரு?” என்று கேட்டால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நேசம் வேண்டாம், அந்தக் கையை நம்பினால் போதும் என்று தோன்றுகிறது. வெயிலில் வேலை செய்கிற கை வெயிலைத் தாங்குவதற்காகத்தான் கறுத்திருக்கிறது. அதற்கான கூலியை அதனிடமிருந்தே பிடிக்கக் கூடாது.

பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பதிவு இருக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். 15 பேருக்குச் சோதனையில் ஒரே வகை மாற்றம் தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியிருந்தார்கள். அப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கும், முகம் சீக்கிரம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போகும் பாதரசத்துக்கு எங்கே நிற்பது என்று தெரியாது, சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கொல்லையில் பார்த்த குட்டிக்கும் இந்த நோயாளிகளுக்கும் நடந்தது ஏறக்குறைய ஒன்றே. தோலிலிருந்து நிறத்தை எடுக்கச் சொன்னார்கள், யாரும் பார்க்காத உறுப்பு ஒன்று அதற்கு விலை கொடுத்தது. ஒரு வித்தியாசம் உண்டு. குட்டியின் காது திரும்பி வராது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கிரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது.

நிறுத்தினால் நிறமும் திரும்பி வரும். மெலனின் தன் வேலைக்கு வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த பெண்ணைப் பார்க்க ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக வருகிற பெரியம்மாக்களும் மதினிமார்களும் எப்படியும் அவள் கட்டிலோரம் உட்காருவார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான அக்கறையோடுதான் சொல்வார்கள்: “என்ன தாயி, இப்படிக் கறுத்துப் போயிட்ட!”