போரைத் தொடங்கியவர் யார்?

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதனைத் தொடங்கியவர் யார் என்ற வாதம் மட்டும் முடிந்தபாடில்லை. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் பதின்மூன்று இராணுவத்தினரைக் கொன்றதே தொடக்கம் என்பர் ஒரு சாரார். மறுநாள் கொழும்பில் மூண்ட தமிழர் படுகொலையே தொடக்கம் என்பர் மற்றொரு சாரார். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தைச் சிலர் சுட்டுவர். மலையகத்தாரோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவூட்டுவர். தொடக்க நாளைத் தேர்ந்தெடுப்பவர் குற்றவாளியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

இது பழைய நோய். எமது ஊரின் பெயரைத் தாங்கிய பிலிமத்தலாவை அதிகாரத்தின் துரோகத்தாலேயே கண்டி இராச்சியம் வீழ்ந்தது என்று சொல்வாருளர். அவர் மரணதண்டனை பெற்று மாண்ட பின்னரே, 1815இல் அது வீழ்ந்தது. ஆயினும் துரோகி ஒருவனின் பெயர் கிடைத்துவிட்டால், பிரதானிகளின் வர்க்க நலனையும் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் வேட்கையையும் ஆராயும் சிரமம் நீங்கிவிடுகிறதல்லவா?

காரணம் வேறு, பொறுப்பு வேறு. ஒரு நிகழ்ச்சிக்குக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். பொறுப்பை அளக்கவோ இரண்டு வினாக்கள் வேண்டும்: அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது? வேறு வழி அவருக்குத் திறந்திருந்ததா?

1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். வழி திறந்தேயிருந்தது. அதனை எதிர்த்து ஒக்டோபரில் கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்ட ஜே. ஆர். ஜயவர்த்தனா இம்புல்கொடையில் தடுக்கப்பட்டார். யாத்திரை எமது வீதியை எட்டவில்லை. ஆனால் 1958 ஏப்ரிலில், பிக்குகளின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பிரதமரே ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம் வெடித்தது. 1983இல் அரசின் காவலிலிருந்த தமிழ்க் கைதிகள் ஐம்பத்துமூவர் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டபோது, ஜனாதிபதி பதவியில் இருந்தவர் அதே ஜயவர்த்தனா. சட்டமும் படையும் சிறைச்சாலையும் எவர் கையில் இருந்தனவோ, அவர்களுடைய பங்கே மிகப் பெரியது.

ஒருவருடைய பங்கு பெரிதென்பதால் மற்றவருடைய பங்கு மறைந்துபோவதில்லை. ஒடுக்குமுறை ஆயுதம் ஏந்தத் தூண்டிற்று என்று கூறலாம். 1990இல் வடபுலத்து முஸ்லிம் மக்களை வீடுவாசலை விட்டுத் துரத்தும்படி எந்த ஒடுக்குமுறையும் கட்டளையிடவில்லை. ஒடுக்கப்பட்டவனுக்கும் தெரிவு உண்டென்று ஏற்பதே அவனை முழுமனிதனாக மதிப்பதாகும்.

முற்போக்காளராகிய நாமும் நமது ஏட்டைப் புரட்டத்தான் வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிக் கட்சிகள், 1966 ஜனவரியில் தமிழ்மொழிப் பிரயோக விதிகளை எதிர்த்தோரின் அணியில் நின்றன. சிங்களத்துக்கு அரசியலமைப்பு அந்தஸ்தும் பௌத்தத்துக்கு முதன்மை இடமும் வழங்கிய 1972ஆம் ஆண்டின் யாப்பை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்திய அமைச்சர், சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. கொள்கை தெரியாதவர் தவறுவது ஒன்று. தெரிந்தவர் ஆசனத்துக்காக அதனை அடகுவைப்பது வேறொன்று.

“எல்லோருமே பொறுப்பு” என்று பெருமூச்செறிவோரும் உளர். கேட்க இனிய சொல். ஆனால் எல்லோரும் சமமாகப் பொறுப்பென்றால் எவருமே பொறுப்பில்லை. வாக்குரிமையைப் பறித்த அமைச்சருக்கும், அதனை இழந்து கொழுந்து கொய்த பெண்ணுக்கும் ஒரே பங்கா? தனிநாடு கோராத அவளுடைய லயன் அறையும் 1977இல் தாக்குதலுக்கு ஆளானதே!

போருக்குப் பின் பிறந்த மாணவர்கள், “எமக்கு இதில் என்ன பங்கு?” என்று கேட்கக்கூடும். குற்றம் பரம்பரைச் சொத்தன்று; கடமை அப்படியன்று. யார் தொடங்கினார் என்று மட்டும் கேட்கும் தலைமுறை தனக்கு வேண்டிய பகைவனைக் கண்டெடுக்கும். ஒவ்வோர் ஆண்டின் எதிரிலும், “இங்கே இதனை எவர் நிறுத்தியிருக்கலாம், ஏன் நிறுத்தவில்லை?” என்று எழுதிப் பார்க்கும் தலைமுறையே, தன் காலத்தில் அத்தகைய வேளை வரும்போது அதனை அடையாளங்காணும். வகுப்பறையில் இவ்வினாவைப் பயிற்றுவிப்பது ஆசிரியர்களாகிய நமது பொறுப்பு.