தன்வினை, பிறவினை

திருத்தணி மலைமேல் நிற்கையில் சில நாட்களில் தெற்கே அரக்கோணம் பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். அங்கே கடற்படையின் ராஜாளித் தளம் 1992இலிருந்து இயங்குகிறது. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பிக்கும் பள்ளியும் அதில் உண்டு. சத்தம் சீராக இருக்கும்வரை படியேறுகிறவர்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

2025 ஜனவரி 5 அன்று குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் 'துருவ்' இலகுரக ஹெலிகாப்டர் ஒன்று பயிற்சியின்போது விமான நிலையத்திலேயே விழுந்தது. இரண்டு விமானிகளும் உடனிருந்த முக்குளிப்பு வீரரும் இறந்தார்கள். ஸ்வாஷ்பிளேட் என்ற உறுப்பு முறிந்திருந்தது பின்னர் தெரியவந்தது. விழுவதற்கு முந்தைய மூன்று நான்கு விநாடிகள் இயந்திரம் விமானிகளின் பிடியில் இல்லை என்று செய்திகள் கூறின. அவ்வகை ஹெலிகாப்டர்கள் முந்நூறுக்கும் மேல் தரையில் நிறுத்தப்பட்டன.

இயந்திரக் கோளாறு என்று படித்ததும் பத்திரிகையை மடித்து வைத்தவர்களில் நானும் ஒருவன். 'உடைந்தது' என்பது தன்வினை. 'உடைத்தான்' என்றால் யார் என்று கேட்டாக வேண்டும்; 'உடைந்தது' யாரையும் கேட்பதில்லை. இந்த இலக்கண வசதிக்குள் ஒரு தார்மீக வசதியும் ஒளிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஸ்வாஷ்பிளேட்டில் இரண்டு தட்டுகள். ஒன்று சுழலாதது; விமானியின் கையசைவு தண்டுகள் வழியே வந்து அதை உயர்த்தும், சாய்க்கும். அதனோடு பொருந்திய மற்றது விசிறியோடு சேர்ந்து சுழன்றபடி அந்தச் சாய்வை இறக்கைகளுக்குக் கொண்டுபோகும். மனித சங்கல்பம் இயந்திரத்தின் சுழற்சிக்குள் நுழைகிற வாசல் அது. அது முறிந்தபின் கை அசையலாம். அசைவு எங்கும் போய்ச் சேராது.

திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன், 1926இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் கர்மத்தைச் சீட்டாட்டத்துக்கு ஒப்பிட்டார். கைக்கு வந்த சீட்டு முன்வினையின் பயன். ஆடும் விதம் நம்முடையது. சுதந்திரம் என்பது அவ்வளவே என்பது அவர் கருத்து. அந்த மூன்று நான்கு விநாடிகளில் ஆடுவதற்கு என்ன மிச்சமிருந்தது? அங்கே விழுந்த சீட்டு இறந்தவர்களின் முன்வினையும் அல்ல. வரைபட மேஜை, உலோகத்தின் தேர்வு, சோதனை, பராமரிப்பு என்று பல கைகள் வழியே வந்தது அது. விதி என்று சொல்லும்போது பிறர் வினையைச் செத்தவர்கள் தலையில் ஏற்றுகிறோம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது பலவீனமானதும் அல்ல. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டரின் கியர்ப்பெட்டியில் பல்சக்கரம் ஒன்று பிளந்து, விசிறி தனியே கழன்று, 13 பேர் இறந்தார்கள். விரிசல் உலோகத்தின் உள்ளேயே வளர்ந்திருந்தது. எச்சரிக்கைக் கருவிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பராமரித்தவர்கள் தவறியதாக விசாரணையில் தெரியவில்லை. அப்படியானால் 'உடைந்தது' என்பதுதானே உண்மை?

முழு உண்மை அல்ல. 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டரில் அதே இடத்துப் பல்சக்கரம் முறிந்து 16 பேர் இறந்திருந்தார்கள். முதல் முறிவைத் தன்வினை என்று விடலாம். இரண்டாவதை அப்படி விட முடியாது; இடையில் ஒரு அறிவு கிடைத்திருக்கிறது. அறிந்த பிறகு, செய்யாமல் விட்டதும் ஒரு வினை. அதைச் செய்தவன் தனி மனிதனாக இல்லாமல் ஏழு வருஷங்களில் நூறு மேஜைகளாகச் சிதறியிருக்கலாம். சிதறியதால் பொறுப்பு இல்லாமல் போவதில்லை. தேடுவது கடினமாகிறது, அவ்வளவுதான். நான் கேட்பது தண்டனையை அல்ல, அந்தத் தேடலை.

சூரனோடு போர் முடித்து முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பது ஐதீகம். அதனால் கந்த சஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, பூச்சொரிகிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. போர் முடிந்தது, பிறகு தணிந்தது. நமக்கோ 'உடைந்தது' என்ற ஒரு சொல் போதும், கேட்பதற்கு முன்பே தணிந்துவிடுகிறோம். சொற்களோடு புழங்குகிறவர்களாவது அந்த வினைமுற்றை எழுதுமுன் சற்றுத் தயங்கலாம்.