பதிவேட்டைப் பார்த்து வேலை தேடலாமா?

ஊரறிய வைத்திருக்கும் ஒரு விஷயத்தைப் பார்த்து அறிந்து கொள்வதில் என்ன தவறு என்று வியாபாரச் சகோதரர்கள் சிலர் கேட்கிறார்கள். வர்ணம், குழாய், தரையோடு, இரும்புக் கதவு, மின்சார வேலை, திரைச்சீலை, கம்பளம் என்று கட்டடத் தொழிலை ஒட்டிப் பிழைக்கும் நம்மவர்கள் சிங்கப்பூரில் அநேகர். இன்ன வீதியில் இன்ன இலக்கமுள்ள கட்டடத்தில் இன்ன மாற்றம் செய்ய நகர மறுசீரமைப்பு ஆணையம் அனுமதி கொடுத்திருக்கிறது என்பதை அவ்வாணையத்தின் இணையப் பக்கத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதைப் பார்த்துக் கட்டடக்காரரிடம் முந்திப் போய் வேலை கேட்பது சாமர்த்தியமா, சங்கடமா? மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது?

பிறர் விஷயத்தைத் துருவித் துருவி ஆராய்வதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் விலக்கியிருக்கிறது. ஆகவே பதிவேட்டைப் பார்ப்பதே கூடாது என்று சொல்வோரும் உளர். இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. துருவுதல் என்பது மூடி வைத்ததைத் திறப்பது. இதுவோ திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் மீது சர்க்காருக்குக் கண் இருக்க வேண்டிய காரணத்தைச் சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி அந்த ரோடும் ஓவன் ரோடும் சேரும் இடத்தில் இருந்த ஹோட்டல் நியூ வேர்ல்டு கட்டடம் இடிந்து விழுந்து 33 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்களுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகுதான் 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, ஒரு பொறியாளர் போட்ட கணக்கை வேறொரு பொறியாளர் சரிபார்க்கும் முறை ஏற்பட்டது. அதே 1989-ல் ஜூலை 7-ந் தேதி லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் பழமை காக்கும் வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே கடைவீடு வைத்திருப்பவர் முகப்பில் கைவைப்பதானாலும் அனுமதி பெற வேண்டும். ஆக, நம்முடைய விலாசமும் அந்தப் பதிவில் வருகிறது. இன்றைக்குப் பிறர் கதவைத் தட்டுகிறவர் நாளைக்குத் தம் கதவு தட்டப்படுவதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

நிற்க. பார்ப்பது குற்றமில்லை என்றால், பார்த்தபின் செய்வதெல்லாம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. அந்நாளில் வெளியூரிலிருந்து சரக்கேற்றி வரும் ஒட்டகக் கூட்டத்தை, அது சந்தைக்கு வந்து சேருமுன்பே ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போய் வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதாதவர் நம்மில் குறைவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ரகசியம் ஏது? பாதை பொதுப்பாதை, ஒட்டகம் வருவது தூசியைக் கண்டாலே தெரியும். ஒற்றும் இல்லை, பொய்யும் இல்லை. பின் ஏன் தடை? வருகிறவனுக்குச் சந்தை விலை தெரியாது; போகிறவனுக்குத் தெரியும். அந்தத் தெரியாமையின் மேல் லாபம் வைப்பதையே நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்று நாம் விளங்கிக் கொள்கிறோம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இருபது வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைப் புதுப்பிக்கிறவர்தான் அந்த ஒட்டகக்காரர். சதுர அடிக்குத் தரையோடு பதிக்க என்ன கூலி, கழிவறைக்கு நீர் கசியாமல் பூசுவதற்கு என்ன செலவு என்பது அவருக்கு என்ன தெரியும்? முந்திப் போனவர் சொல்வதே அவருக்கு விலை. பதிவேட்டைப் பார்த்து அனுமதி கிடைத்த வாரமே ஓடுகிறவர் எதற்காக ஓடுகிறார் என்று தம் மனத்தைக் கேட்டுக் கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் நாலு இடத்தில் விசாரிக்குமுன் முன்பணம் வாங்கிவிடத்தான் என்றால், அது ஊருக்கு வெளியே போய் வழிமறித்த கதைதான். சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு, நம் லாபம் இவ்வளவு என்று பிரித்து எழுதிக் கொடுத்து, வேறு இருவரிடமும் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருகிறவரோ சந்தையையே அவர் வீட்டுக்குக் கொண்டு போகிறவர். இருவரும் பார்த்தது ஒரே பதிவேடு.

சகோதரன் வியாபாரத்தின் மேல் வியாபாரம் செய்வதற்கும் தடை உண்டென்பது யாவரும் அறிந்ததே. ஆனால் விலை முடியாமல் பலர் கேட்டுக் கொண்டிருக்கும்போது நாமும் கேட்பது வேறு. ஏலம் கூடும் என்பதற்கு நாயகம் (ஸல்) அவர்களே ஏழை ஒருவரின் விரிப்பையும் பாத்திரத்தையும் ஏலத்தில் விற்றுக் கொடுத்த ஹதீஸ் உண்டு. அப்படியானால் விலை முடிந்ததா இல்லையா என்று எப்படி அறிவது? பதிவுகளின் வரிசையே பெரும்பாலும் சொல்லிவிடும். முதலில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி. அந்தக் கட்டத்தில் அநேகமாகக் குத்தகையாளர் இன்னும் முடிவாகியிருக்க மாட்டார். பிறகு கட்டட, கட்டுமான ஆணையத்தில் கட்டட வரைபடம். அதற்கும் பிறகு தூண், உத்தரம், அஸ்திவார வேலை தொடங்க அனுமதி. இதற்கு மனுப் போடும்போது கட்டுகிறவர் பெயரும் சேர்ந்தே போகிறது. வீவக வீடென்றால், புதுப்பிக்க அனுமதி கேட்பவரே கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான். ஆகவே இந்தப் பிந்திய கட்டத்தில் வீட்டுக்காரரிடம் போய், “அவர் எவ்வளவு சொன்னார்? நான் ஐநூறு வெள்ளி குறைத்துத் தருகிறேன்” என்பது ஹலாலான போட்டி ஆகாது. அப்போது போக வேண்டிய இடம் குத்தகையாளரிடமே. கட்டுமிடத்துப் பலகையில் அவர் பெயர் எழுதியிருக்கும். வர்ணமும் குழாயும் அவருக்கு வேண்டியவைதாமே. அவரிடம் கேட்டால் எவர் பிழைப்பிலும் நாம் கைவைத்ததாகாது. திரைச்சீலையும் கம்பளமும் விற்பவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் வேலை கடைசியில்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஜமாஅத்தில் ஒருவர் கடையைப் புதுப்பிக்கிறார் என்று தெரிந்தவுடன், “நம்ம ஆளை விட்டு வேற ஆளுக்கு வேலை கொடுத்திட்டாரே” என்று பள்ளிவாசல் வாசலிலேயே முணுமுணுப்பு எழுகிறது. பதிவில் வந்த வேலையெல்லாம் நம் உரிமை ஆகிவிட்டதா என்ன? கொடுக்கிறவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

பிறர் வீட்டுக்குள் சலாம் சொல்லி அனுமதி பெறாமல் நுழையாதிருக்கவும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிடவும் நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிடுவது சுன்னத். சிங்கப்பூர்ச் சட்டமும் இதை ஒத்தே போகிறது. 2012-ம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவில் கிடைக்கும் தகவலைச் சேகரிக்கச் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் வியாபார அழைப்பு வேண்டாம் என்று தம் எண்ணைப் பதிந்து வைத்தவரை அவர் சம்மதமின்றி அழைப்பதும், செய்தி அனுப்புவதும் 2014 ஜனவரி 2 முதல் தடுக்கப்பட்டிருக்கின்றன. விலாசம் தெரிவது ஒன்று, தொல்லை கொடுப்பது வேறொன்று. ஒரு கடிதம் போடலாம். பதிலில்லாவிட்டால் இன்னொன்று போடலாம். புதிய அடுக்குமாடியில் சாவி வாங்கிய மறுநாளே இரும்புக் கதவில் விளம்பரத் தாள்களைச் செருகி, வீட்டுக்காரர் குப்பை அள்ளும்படி செய்வது எந்த சுன்னத் என்று நமக்கு விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் விடக் கொடியது ஒன்று உண்டு. சுத்தியல் சத்தம் கேட்கிறது. விசாரித்துப் பார்த்தால் அனுமதி இல்லை என்று தெரிகிறது. உடனே போய், “ஆணையத்துக்குத் தெரிந்தால் என்னாகும் பாய்? வேலையை நம்மிடம் விடுங்கள், எல்லாம் பார்த்துக் கொள்கிறோம்” என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். சகோதரர்களே, இடிக்கும் சுவர் மாடியைத் தாங்கும் சுவராயிருந்தால், கைம்மாறு கேட்காமல் உரியவர்களுக்கு அறிவிப்பது கடமை. 33 உயிர் போன ரோட்டில் நின்று கொண்டு வேறு விதமாகப் பேச முடியாது. அந்த ஆபத்து இருந்தும் வேலைக்காக வாய் மூடினால், மேல்மாடிக்காரர் உயிரை விற்றுக் காசாக்கியதாகும். ஆபத்து இல்லையென்றால், அயலார் குறையைத் தோண்டி எடுத்து அதை வைத்துப் பயமுறுத்தியதாகும். துருவுதலென்று திருமறை விலக்கியது இங்கேதான் வந்து சேருகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வெள்ளியில் பரக்கத் இல்லை.

ஒட்டகக்காரர் விஷயத்துக்கே மீண்டும் வருவோம். வழியில் விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்தால், பேரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டென்றும் ஹதீஸில் வந்திருக்கிறது. இந்நாட்டிலும் 2009-ல் வந்த விதிகளின்படி, அழையாமல் வீடு தேடிப் போய்ச் செய்து கொண்ட ஒப்பந்தத்தைச் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாளுக்குள் வாடிக்கையாளர் ரத்துச் செய்யலாம். சிலர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: கையெழுத்து வாங்கிய மறுநாளே தரையைப் பெயர்த்துவிடுவது. பெயர்த்த தரையோடு அவர் யாரிடம் போவார்? பதிவேட்டைப் பார்த்து வேலை தேடுகிற சகோதரர் அந்த 5 நாளும் உளியைத் தொடாமல் இருக்கட்டும். ரத்துச் செய்யும் உரிமையை வீட்டுக்காரர் படிக்கக் கூடிய பாஷையில் எழுதிக் கொடுக்கட்டும். சீனப் பாட்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து என்ன பயன்? முன்பணத்தையும் அதுவரை சரக்குக்குச் செலவழிக்காமல் தனியே வைக்க வேண்டும். கைமுதல் குறைந்தவர்களுக்கு இது கஷ்டந்தான்; நாமும் அறிவோம். சரக்குக் கொடுக்கும் கடைக்காரர்கள் இந்த 5 நாளுக்குக் கடன் தவணை கொடுத்தால் அந்தக் கஷ்டம் பாதி தீரும். அதற்கு நாம் தயாராகவே இருக்கிறோம்.