இரண்டு கேள்விக்குறிகள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு புரோகிராம் வாரத்துக்கு இரண்டு முறையாவது விழும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடும். “அந்த மெஷினுக்கே ராசி இல்லைங்க” என்றார் உடன் வேலை செய்யும் நண்பர். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் சர்வர் நெற்றியில் அப்படியே இருந்தது. அத்தனை பேரும் பொறியியல் படித்தவர்கள்.

புரோகிராம் விழும்போது பதிவாகும் நினைவகப் பிரதியான கோர் டம்பை, ஜிடிபி என்ற டீபக்கரில் திறந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் பேக்டிரேஸைக் கேட்டேன். பதினொரு வரிகள் வந்தன. ஒவ்வொரு வரியிலும் நீளமாக ஒரு நினைவக முகவரி, பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள். எந்த ஃபங்ஷன், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று ஒரு விவரமும் இல்லை. கம்பைல் செய்யும்போது இந்த விவரங்களைச் சேர்க்கும் ‘-ஜி’ கொடுக்காமல் விட்டது நாங்கள். போதாததற்கு, கடைசியில் ஸ்ட்ரிப் ஓட்டி, இருந்த பெயர்களையும் துடைத்தது நாங்கள்.

காரணம் தெரியாமல் இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளும் வழியை நம் கையாலேயே அடைத்துவிட்டு ராசியின் மேல் பழி போடுவதை அறத்தவறு என்றே சொல்வேன். அந்தப் புரோகிராமை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு ‘ஏன்’ என்று கேட்கும் உரிமை உண்டு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

‘-ஜி’ போட்டால் வேகம் குறையும் என்பார்கள். குறையாது. வேகத்துக்காகக் கொடுக்கும் ‘-ஓ2’ உடன் அதைச் சேர்த்தாலும் ஜிசிசி கம்பைலர் உருவாக்கும் கட்டளைகள் மாறாது. ட்வார்ஃப் வடிவில் எழுதப்படும் விவரங்கள் கோப்பின் தனிப் பகுதிகளில் கிடக்கும். சாதாரணமாக ஓடும்போது அவை நினைவகத்தில் ஏறுவதே இல்லை. கோப்பு பெரிதாகும் என்பது மெய்தான், சில சமயம் பல மடங்கு. அந்த விவரத்தை மட்டும் பிரித்துத் தனியே வைத்துக்கொள்ளலாம். எது எதற்குரியது என்று பில்ட் ஐடி சொல்லிவிடும். லினக்ஸ் வகைகளான ஃபெடோராவும் டெபியனும் அவற்றைத் தனிப் பொதிகளாகவே தருகின்றன. இந்த விவரங்களை வழங்கும், 2019-இல் வந்த டீபக்இன்ஃபோடி சர்வர் இருந்தால், இன்றைய ஜிடிபி வேண்டியதைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளும். ‘-ஓ2’ போட்ட புரோகிராமில் சில மாறிகளின் மதிப்பு கிடைக்காமல் போகும். போகட்டும், வரி எண் பெரும்பாலும் கிடைக்கிறதே!

பிறகும் ஏன் தயக்கம்? பெயர் தெரிந்தால் பொறுப்பும் தெரிந்துவிடும் என்ற பயம் நமக்குள் இருக்கிறது. ராசியை யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாது.

‘கிராஷ் ஆகிறது, சரிசெய்யுங்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்புவது வேண்டுதல். பேக்டிரேஸோடு அனுப்புவதுதான் புகார்.

‘-ஜி’ சேர்த்து மறுபடி கம்பைல் செய்தேன். பழைய கோர் டம்போடு அது சரியாகப் பொருந்தும் என்று உறுதியில்லை. அடுத்த விழுகைக்காகக் காத்திருந்தேன். மூன்றாம் நாள் விழுந்தது. இந்த முறை முதல் வரியிலேயே ஃபங்ஷனின் பெயர், கோப்பு, வரி எண். வாடிக்கையாளர் பெயர் காலியாக வந்தால் பாயின்டர் நல் ஆகிறது. அதைச் சோதிக்காமலே தொட்டிருக்கிறது புரோகிராம்.

ராசி என்று சொன்ன நண்பர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இது நான் எழுதினதுங்க” என்றார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.