திரும்பச் செய்து வா! – பிள்ளைகளின் படிப்பில் இஹ்ஸான்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



இன்று என் வீட்டில் நடந்த ஒரு தவறிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். மழை எப்படி உருவாகிறது என்பதைக் காட்டும் மாடல் ஒன்று செய்து வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் இஷாவுக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னான். கடையில் தெர்மாகோலில் செய்து தயாராகவே வைத்திருக்கிறார்கள். வாங்கி வந்து கொடுத்துவிட்டேன். அவன் செய்த ஒரே வேலை, அதில் தன் பெயரை எழுதியதுதான். மறுநாள் பரிசோடு வந்தான். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது நான் செஞ்சது இல்லையே அத்தா" என்றான்.

மிம்பரில் நின்று அமானிதத்தைப் பற்றிப் பேசுகிற நான், அவனுக்கு முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். அடுத்தவன் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதுவதும், கடையில் வாங்கியதில் பெயர் எழுதுவதும், கம்ப்யூட்டர் எழுதித் தந்ததை அப்படியே ஒப்படைப்பதும் இதே குவியல்தானே! வெளியே காய்ந்த தானியம், உள்ளே ஈரம்.

அதிகமான அமலா, அழகான அமலா?

அல்முல்க் அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தில், மரணத்தையும் வாழ்வையும் எதற்காகப் படைத்தான் என்று அல்லாஹ் கூறுகிறான். நம்மில் யார் அதிகமாகச் செய்கிறார் என்று சோதிக்க என்று அவன் கூறவில்லை. யாருடைய செயல் மிக அழகானது என்று சோதிக்க என்றுதான் கூறுகிறான். அடுத்த இரண்டு வசனங்களில், வானத்தைப் பார், குறை தெரிகிறதா, மீண்டும் பார், மீண்டும் பார் என்று நம்மை அழைக்கிறான். தன் படைப்பையே திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறான் ரப்புல் ஆலமீன். நம் பிள்ளைகளோ எழுதிய விடையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நோட்டை மூடுகிறார்கள்.

மூன்று முறை திருப்பி அனுப்பிய ஆசிரியர்

சகோதரர்களே! புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் இது. ஒருவர் மஸ்ஜிதுக்கு வந்து அவசரமாகத் தொழுதார். பிறகு நபியவர்களிடம் வந்து ஸலாம் சொன்னார். நபியவர்கள் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, நீர் தொழவில்லை, திரும்பிப் போய்த் தொழும் என்றார்கள். இப்படி மூன்று முறை நடந்தது. கடைசியில் அவர், இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார். உடனே நபியவர்கள் தக்பீர், கிராஅத், நிதானமான ருகூஉ, நேராக நிமிர்வது, நிதானமான ஸஜ்தா என்று ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, குறையுள்ளதைப் "பரவாயில்லை" என்று விட்டுவிடவில்லை. இன்று எத்தனை நோட்டுகளில், படித்துப் பார்க்காமலே சிவப்பு மையில் டிக் விழுகிறது! யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்ட பிள்ளை எதற்காக உழைப்பான்?

இரண்டாவது, அவரைத் திட்டவில்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய ஸலாமுக்குப் பதில் கிடைத்தது. குறை சொன்னது தொழுகையை, அந்த மனிதரை அல்ல. நாமோ, "நீ எதுக்குமே லாயக்கில்லை" என்கிறோம்.

மூன்றாவது, எது சரி என்பதைத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தார்கள். "நல்லா எழுது" என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? இந்தப் படத்தில் பாகங்களின் பெயர் இல்லை, இந்தக் கணக்கில் மூன்றாவது படி விடுபட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

அரபிக் கல்லூரியில் நான் ஓதிய நாட்களில், ஸபகு சரியாக வரவில்லையென்றால் என் உஸ்தாத் கிதாபை மூடி, "போய் இன்னொரு தடவை பார்த்துட்டு வா" என்பார்கள். குரல் உயராது. அன்று அது கசந்தது. இன்று மிம்பரில் ஒரு வரியைத் தயங்காமல் ஓதும்போதெல்லாம் அவர்களுக்காக துஆ செய்கிறேன்.

இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹ் நூலைத் தொகுக்க 16 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஹதீஸையும் பதிவு செய்வதற்கு முன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுததாக அவர்களே கூறியுள்ளார்கள். அவசரத்தில் முடித்திருந்தால் இன்று நம் கையில் அந்தக் கிதாப் இருக்குமா?

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! வாரத்தில் ஒருநாள் பிள்ளையின் ஒரு நோட்டை முழுதாகப் பாருங்கள். எத்தனை மார்க் என்பதற்கு முன், "இது உன்னால முடிஞ்ச அளவாப்பா?" என்று கேளுங்கள். அவன் செய்தது கோணலாக இருந்தாலும் அவனே செய்ததாக இருக்கட்டும். பிறகு இரண்டாவது முறை செய்யச் சொல்லுங்கள். கோணல் குறைவதை அவனே பார்ப்பான்.

ஆசிரியர்களே! அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லா நோட்டையும் வரிவரியாகப் பார்க்க முடியாது, அறிவேன். ஒரு பருவத்தில் ஒரு வேலையையாவது, நன்றாக வரும்வரை திருப்பிக் கொடுங்கள்.

மாணவர்களே! திரும்பச் செய்யச் சொன்னால் அவமானம் என்று நினைக்காதீர்கள். அந்த நபித்தோழரைப் போல, "எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள்" என்று கேளுங்கள்.

நானும் என் மகனும் அந்த மாடலை மறுபடியும் செய்தோம். பழைய பாட்டில், வெந்நீர், ஒரு தட்டில் ஐஸ். இரண்டு முறை சரியாக வரவில்லை. மூன்றாவது முறை தட்டின் அடியில் நீர்த்துளிகள் திரண்டு விழுந்தன. "அத்தா, மழை!" என்று கத்தினான். இதற்குப் பரிசு கிடையாது. ஆனால் அன்று அவன் முகத்தில் பார்த்த மகிழ்ச்சியை, பரிசு வாங்கிய நாளில் நான் பார்க்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வாயாக! எந்த வேலையையும் நேர்மையாகவும் அழகாகவும் செய்யும் மக்களாக அவர்களை ஆக்குவாயாக! அவர்களின் குறையைப் பொறுமையோடு திருத்தும் மனதை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.