கையெழுத்துக்கு வெளியே இருப்பவை

கலிஃபோர்னியாவில் ஒரு பழைய கார் கைமாறுவது ஒரு தாளில் முடிகிறது. அதன் பெயர் டைட்டில். ஒரு காலத்தில் இளஞ்சிவப்பாக இருந்ததால் இன்றைக்கும் பலர் ‘பிங்க் ஸ்லிப்’ என்றே சொல்கிறார்கள். விற்பவர் தனக்குரிய கோட்டில் கையெழுத்துப் போடுகிறார். வாங்குபவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதுகிறார். ஓடோமீட்டர் காட்டும் எண்ணைக் குறிக்கிறார்கள். விற்றவர் 5 நாட்களுக்குள் மோட்டார் வாகனத் துறைக்கு, அதாவது டிஎம்விக்கு, வண்டி தன் கையைவிட்டுப் போனதைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 10 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வளவுதான், வண்டி இன்னொருவருடையது.

வண்டி போய்விடுகிறது, சரி. அந்த வண்டியைப் பற்றி விற்பவருக்கு மட்டும் தெரிந்தவை இருக்கின்றனவே, அவையும் சேர்ந்து போக வேண்டுமா? ஐந்து வருடம் ஒரு காரோடு வாழ்ந்தவனுக்கு அதன் ஒவ்வொரு முனகலும் தெரியும். அதைச் சொல்வது அவன் கடமையா, அல்லது கேட்காதவன் தலையெழுத்தா? அமெரிக்காவில் தனியார் விற்பனை பெரும்பாலும் ‘ஆஸ் இஸ்’ கணக்கில்தான் நடக்கிறது. இருக்கிறபடியே எடுத்துக்கொள், பின்னால் வந்து நிற்காதே என்பது அதன் பொருள். சட்டம் இங்கே ஏறக்குறைய ஒதுங்கிக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்துதான் எனக்குக் கேள்வி தொடங்குகிறது.

புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குப் பழைய கார் வெறும் வசதியல்ல. நான் வசிக்கும் புறநகரில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. கடன் வரலாறு இல்லாதவனுக்கு வங்கி நல்ல வட்டியில் கடன் தராது. ஆகவே கையில் இருக்கும் சில ஆயிரம் டாலரோடு நாம் தேடுவது காரை அல்ல, நம்பக்கூடிய ஆளை. அந்த ஆள் தமிழ் பேசினால் பாதிக் கவலை தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். “நம்மாளுதான், பயப்படாம எடு” என்ற சிபாரிசுக்கு ஒரு மெக்கானிக்கின் அறிக்கையைவிட மதிப்பு அதிகம்.

நானும் என் முதல் காரை அப்படி ஒருவரிடம்தான் வாங்கினேன். குடும்பத்தோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே கோவைக்குப் போய்விட்டார்கள். விலை பேசி முடித்து டைட்டிலை எடுத்தபோதுதான் பார்த்தோம், அதில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தன, நடுவில் ‘ஆண்ட்’ என்ற சொல். ‘ஆர்’ என்று இருந்தால் ஒருவர் கையெழுத்து போதும். ‘ஆண்ட்’ என்றால் இரண்டு பேரும் போட வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். “அவ கையெழுத்த நானே போட்டுடறேன் தம்பி. நமக்குள்ள என்ன?”

வேண்டாம் அண்ணா, கூரியரில் அனுப்பி வாங்கிவிடலாம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார். தாள் கோவைக்குப் போய்த் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் சக ஊழியர்களின் காரில் தொற்றிக்கொண்டு அலுவலகம் போனேன். சாவி கொடுத்த அன்று அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. ஊரில் நாம் பழகிய வழக்கம் அது. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமலே வருடக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! வண்டி எங்கோ ஒரு விபத்தில் சிக்கினால் பழைய உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனாலும் காகிதம் கேட்பவனை நாம் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறோம்.

‘நமக்குள்ள’ என்று அவர் சொன்னபோது அந்த ‘நம்’மில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். அந்த அக்கா இல்லை. பாதி வண்டி அவருடையது. இரண்டு ஆண்கள் வாசலில் நின்று பரஸ்பர நம்பிக்கையில் மறந்துபோன ஒருவரை அந்தத் தாள் ஞாபகம் வைத்திருந்தது. உறவின் சூடு இல்லாதது என்று நாம் குறை சொல்லும் காகிதம், எதிரில் இல்லாதவருக்காகவும் பேசுகிறது.

சொல்லப்போனால் டைட்டிலில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய ஏமாற்று இருக்கிறது. மைல் கணக்கைப் பின்னோக்கித் திருப்பி விற்றவர்களால்தான் 1972இல் அதற்கென்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. மோசமாக அடிபட்டு, காப்பீட்டு நிறுவனம் தேறாது என்று தள்ளிய வண்டிக்கு ‘சால்வேஜ்’ என்ற முத்திரை விழுகிறது. அதையும் சிலர் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்து கழுவிவிடுகிறார்கள். 2005இல் கத்ரீனா புயலில் மூழ்கிய கார்கள் பல, அப்படித்தான் சுத்தமான தாளோடு திரும்பி வந்தன. ஆக, ஒருவன் தானாகச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அரசு கட்டம் போட்டுக் கேட்கிறது. கட்டம் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

கி.மு. 44இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு எழுதிய நூலில் சிசரோ இதே கேள்வியை எடுக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியத்தோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா? பாபிலோனைச் சேர்ந்த டயோஜெனிஸ், சட்டம் கேட்கும் அளவு சொன்னால் போதும், பொய் சொல்லாமல் விற்கலாம் என்கிறார். அவர் மாணவர் ஆன்டிபேட்டர், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள், எதையும் மறைக்கக் கூடாது என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். ஆனால் ஒரு வேறுபாடும் சொல்கிறார்: சும்மா இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. உன் லாபத்துக்காக, அடுத்தவன் அறிய வேண்டியதை அறியாமலே இருக்கட்டும் என்று நினைக்கும்போதுதான் அது மறைப்பு ஆகிறது.

நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கானது. பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணச் சொல்கிறது. கையெழுத்துப் போட்ட கணத்தில் வண்டி ‘பிறர் பொருள்’ ஆகிவிடுகிறது. வள்ளுவர் சொல்லும் அக்கறை அந்தக் கோட்டைத் தாண்டியும் தொடர வேண்டியது.

எதிர்வாதத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். வாங்குபவன் குழந்தையா? நூற்றுச் சொச்சம் டாலர் கொடுத்து மெக்கானிக்கிடம் காட்டட்டும். எல்லாரும் மறைக்கும் சந்தையில் நான் ஒருவன் மட்டும் உண்மை பேசி நஷ்டப்பட வேண்டுமா? பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொடுகிறது. மோசமான வண்டிக்கு அமெரிக்க வழக்கில் ‘லெமன்’ என்று பெயர். நல்லதையும் லெமனையும் வாங்குபவனால் பிரித்தறிய முடியாததால், எல்லா வண்டிக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் விலகிப்போகிறான். மிஞ்சுவது லெமன்கள். அவருக்கு 2001இல் நோபல் பரிசு கிடைத்தபோது, இந்தக் கட்டுரைதான் முதலில் பேசப்பட்டது. அதாவது மறைப்பவன் ஏமாற்றுவது ஒரு வாங்குபவனை மட்டுமல்ல, அடுத்த தெருவில் உண்மையைச் சொல்லி விற்க நினைப்பவனையும்தான்.

என் காருக்கு வருகிறேன். வாங்கிய சில வாரத்தில் டிக்கியின் மூலையில், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், பாதி காலியான இன்ஜின் ஆயில் பாட்டில் ஒன்று கிடைத்தது. ஆயிரம் மைலுக்கு ஒரு குவார்ட் ஆயில் குடிக்கும் வண்டி அது. கசிவு இல்லை, புகை இல்லை, ஸ்மாக் சோதனையில் தேறிவிடும். கவனித்து ஊற்றிக்கொண்டே இருந்தால் ஓடும். மறந்தால் ஒருநாள் இன்ஜின் போய்விடும். நான் ஐந்து வருடம் ஊற்றினேன்.

இப்போது விற்கிறேன். பார்க்க வந்தவன் செப்டம்பரில் வந்து இறங்கிய மாணவன், விருதுநகர் பக்கம். என்னை அண்ணா என்கிறான். எனக்கு யாரும் சொல்லவில்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வரத்தான் செய்கிறது. அதற்கு ஒரு நியாயத்தின் சாயல்கூட இருக்கிறது. ஆனால் எனக்கு நடந்ததற்கும் இந்தப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? என் கடனை அவன் தலையில் கட்டினால் அது பழிவாங்கல்கூட இல்லை, பழி வேறு ஆளிடம் போய்ச் சேர்கிறது.

யோசித்து யோசித்து எனக்கென்று ஒரு எல்லை வகுத்துக்கொண்டேன். தேய்ந்த டயர், கதவில் கீறல், சீட்டில் கறை எல்லாம் கண் இருப்பவன் பார்த்துக்கொள்ளலாம். பிரேக்கை மெக்கானிக் பார்த்துச் சொல்வான். இவற்றைத் தேடுவது வாங்குபவன் வேலை. ஆனால் ஆயில் குடிப்பதை அரை மணி நேரச் சோதனை காட்டாது. ஆயிரம் மைல் கூடவே இருந்தவனுக்குத்தான் தெரியும். வண்டியோடு வாழ்ந்ததால் மட்டுமே கிடைத்த அறிவு எதுவோ, அதை வண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். தமிழ் பேசுகிறவனுக்கு மட்டுமல்ல, யார் வந்தாலும். ‘நம்மாளு’ என்பதற்காகச் சொன்னால், மற்றவனிடம் மறைக்கலாம் என்று ஆகிவிடும்.

அவனிடம் சொன்னேன், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்: எந்த ஆயில், எத்தனை மைலுக்கு ஒருமுறை. விலையில் 600 டாலர் குறைத்துக் கேட்டான். கேட்காமல் இருந்திருந்தால்தான் அவனைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பேன். நானூறில் முடிந்தது. நாளைக்கு அவன் விற்கும்போது அந்தத் தாளைக் கொடுப்பானா, கிழித்துப் போடுவானா என்பது என் கையில் இல்லை. டிஎம்விக்கு நான் அனுப்பிய அறிவிப்பு, இனி அந்த வண்டிக்கு விழும் பார்க்கிங் அபராதங்களிலிருந்து என்னை விடுவிக்கும். ஆயில் விஷயத்துக்கு அப்படி ஒரு படிவம் இல்லை. அதைச் சொல்லித்தான் தீர்க்க வேண்டியிருந்தது.